முந்நூறு படகுகள்

தையல் மெஷினை விலைக்குக் கேட்டு வந்த மாடிவீட்டு டீச்சரைத் தையலம்மா வாசற்படியிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பி ஒரு வாரம் ஆகிறது. "கண்ணு சரியானதும் எனக்கு வேலை தலைக்கு மேல கிடக்கு டீச்சர். மெஷினைக் குடுத்துட்டு அப்புறம் நான் என்ன வாயாலயா தைப்பேன்?" என்று அவள் கேட்டதும், டீச்சர் சத்தமில்லாமல் படியிறங்கியதும் தெரு முழுக்கத் தெரிந்த கதை.

அன்றைக்குப் பக்கத்திலேயே நின்றிருந்த அவள் கணவர் ஏலக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை. பேசாமல் இருக்கிற ஏலக்காரரைக் கவனித்து அந்த வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை.

எப்படி இருக்கும் பின்னே! மொத்தச் சந்தையில் காய்கறி ஏலம் கூவியே காலத்தை ஓட்டியவர் தையலம்மாவின் வீட்டுக்காரர். ஒரு கூடைத் தக்காளியை அவர் கூவினால் தக்காளிக்கே தன்மேல் மரியாதை வந்துவிடும். வதங்கிய கத்தரிக்காய்கூட நிமிர்ந்து உட்காரும். மைக் கொடுத்தால் கோபித்துக்கொள்வார். ஓய்வு பெற்ற பிறகு கூவுவதற்குக் காய் இல்லாமல் போனது. குரல் மட்டும் அப்படியே இருந்தது. அந்தக் குரல் முழுவதும் இப்போது தையலம்மாவின் காதுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

அவளுக்கு வலது கண்ணில் முழு இருட்டு. இடது கண்ணில் சாவித்துவாரம் அளவுக்கு வெளிச்சம். அதன் வழியாக எதிரில் இருப்பவரின் மூக்கு தெரிந்தால் காது தெரியாது. காது தெரிந்தால் ஆள் யாரென்று தெரியாது.

ஆனாலும் படம் பார்ப்பதை அவள் விடவில்லை. கல்யாணமான புதிதில் தொற்றிய வியாதி அது. இருவருக்கும்.

பின்வரிசையில் ஓரத்துச் சீட்டு. வசனமும் பாட்டும் அவளுக்குக் கேட்கும். மிச்சத்தை அவர் காதில் ஓதுவார். "கதவைத் திறக்கறான்... உள்ள யாரும் இல்லை... மேசை மேல வச்ச சாப்பாடு வச்சபடி இருக்கு..." ஓதுவது என்று பேர்தானே தவிர, அவர் ரகசியம் பேசினாலே நாலு வரிசைக்குக் கேட்கும். ஆரம்பத்தில் முன்வரிசைக்காரர்கள் "உஸ்" என்றார்கள். பிறகு "உஸ்" என்றவர்களே தலையைச் சாய்த்துக் கேட்க ஆரம்பித்தார்கள். ஒருவர் இடைவேளையில் தேடி வந்து, "ஐயா, அடுத்து எந்தப் படத்துக்கு வர்றீங்க? நானும் வந்துடறேன்" என்றாராம். இது ஏலக்காரரே சொன்னது. ஆகையால் பாதியைக் கழித்துக்கொண்டு எடுத்துக்கொள்ளலாம்.

படம் முடியப்போகிறது என்பதை அவர் மூக்கு முன்கூட்டியே மோப்பம் பிடித்துவிடும். உடனே அவளை எழுப்பி வெளியே கூட்டி வந்துவிடுவார். படம் விட்டதும் படிக்கட்டில் முண்டுகிற கூட்டத்தில் ஒருமுறை அவள் இடறி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டதிலிருந்து இந்த ஏற்பாடு. பாப்கார்ன் வாசனை அடிக்கிற பெஞ்சில் அவளை உட்கார வைத்துவிட்டு அவர் மட்டும் மறுபடி உள்ளே ஓடுவார். கடைசிக் காட்சியைப் பார்த்துவிட்டு, கூட்டத்துக்கு முன்னால் வெளியே வந்து, பஸ்ஸில் வீடு வரும்வரை அதை அவளுக்குச் சொல்லிக்கொண்டே வருவார். கண்டக்டர் டிக்கெட் கேட்க மறந்து நின்று கேட்டதும் உண்டு.

தையலம்மா படம் பார்த்து முடிப்பது எப்போதும் பஸ்ஸில்தான்.

*

ஞாயிற்றுக்கிழமை. மகளும் மாப்பிள்ளையும் சாப்பிட வருகிற நாள்.

காலையிலேயே தையலம்மா மெஷினுக்கு எண்ணெய் போட்டாள். எண்ணெய் விடும் துளைகளை விரல் நுனியே கண்டுபிடித்துவிடும். சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிச் சத்தத்தைக் கேட்டாள். "என்னடி இருமற? பொறு பொறு, வேலைக்குக் கூப்பிடத்தான் போறேன்" என்று மெஷினிடம் சொன்னாள். பக்கத்தில், மகளுக்காக வெட்டி வைத்த சட்டைத் துணி மடிப்புக் கலையாமல் இருந்தது.

வாசலில் கார் வந்து நின்றது. அளந்து வைத்த மாதிரி ஒரே திருப்பில் உள்ளே நுழைந்து நின்றால் அது மகள். டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கிறவள். ஊரில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் வாங்கியிருக்கிறார்கள். திட்டு வாங்காத மீதிப் பேர் இன்னும் சுவரில் இடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"வாங்க மாப்பிள்ளை! லிஃப்ட் எல்லாம் மேல போகுதா?" என்றார் ஏலக்காரர்.

"போகுது மாமா. சுமாரா போகுது."

லிஃப்ட் பழுது பார்க்கிற மாப்பிள்ளைக்கு அந்த வீட்டில் "சுமார்" என்றே பேர். படம், சாப்பாடு, வெயில், தன் கல்யாணம் எதைக் கேட்டாலும் அவரிடமிருந்து அந்த ஒரு சொல்தான் வரும். வாய்விட்டுச் சிரித்த படத்தையும் சுமார் என்பார். தூங்கிய படத்தையும் சுமார் என்பார்.

தட்டுகள் பரவின. பொரித்த மீன் வாசனை ஹால் முழுக்க எழுந்தது. அந்த மேசையில் முதல் கவளம் இறங்குமுன் படப் பேச்சு இறங்கிவிடும், அது வழக்கம்.

"புதன்கிழமை பேய்ப் படத்துக்குப் போனோம் அத்தை," என்று மாப்பிள்ளை தொடங்கினார்.

"எப்படி இருந்துச்சு?"

"பேய் சுமார்."

"பேயை விட ஏசிதான்மா பயமுறுத்துச்சு," என்றாள் மகள். "பல்லு தந்தியடிக்குது. அந்தப் பேய் எல்லாரையும் பழிவாங்குச்சு, ஏன்னுதான் கடைசி வரைக்கும் சொல்லல. கேட்டா அடுத்த பாகத்துல சொல்வானாம்."

"அடுத்த பாகத்துல பேய்க்கே மறந்துடும்," என்றார் ஏலக்காரர். "எங்க காலத்துப் பேய் அப்படியா? திரைக்குள்ள அது சிரிச்சா தியேட்டர் கூரையில ஓடு கழண்டு விழும். ஒரு தடவை முன்வரிசைக்காரன் ஒருத்தன் பயத்துல எழுந்து ஓடி, அடுத்த தியேட்டர் படத்துல போய் உக்காந்துட்டான்!"

தையலம்மா சிரித்தாள். புரையேறியது. மகள் தலையைத் தட்டிக்கொண்டே சொன்னாள்:

"நேத்து வீட்டுலயே அந்தப் படகுப் படத்தைப் போட்டோம்மா. அதுக்குள்ள வீட்டுக்கே வந்துடுச்சு. நீங்க போன வாரம் போனீங்களே, அதுதான்."

தையலம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அந்தப் படத்தைப் பற்றிப் பேச ஆள் கிடைக்காமல் ஒரு வாரமாகத் தவித்துக்கொண்டிருந்தாள். ஆட்களை ஆறு கடத்திவிடுகிற கிழட்டுப் படகோட்டி. சண்டை போட்டுக்கொண்டு ஓடிப்போன மகன். திரும்பி வரமாட்டானா என்று அக்கரையையே பார்த்துக்கொண்டிருக்கிற அப்பன். பாதிப் படத்திலேயே முந்தானை நனைந்துவிட்டது அவளுக்கு.

"மீன் ஆறுது. முதல்ல சாப்பிடுங்க," என்றார் ஏலக்காரர்.

"இருங்க. இவங்க வாயால கேக்கணும். பாப்பா, அந்தக் கடைசி எப்படிடி இருந்துச்சு? எனக்கு பஸ்ஸுல உக்காந்து அழுகை அழுகையா வந்துச்சு."

"எனக்கும்தாம்மா. தாங்க முடியல. இவரே கண்ணைத் துடைச்சாரு."

"தூசி," என்றார் மாப்பிள்ளை.

"அந்த முந்நூறு படகு!" என்றாள் தையலம்மா. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் விரித்தாள். "மகன் மழையில நனைஞ்சு வந்து நிக்கறான். அப்பன் பளார்னு ஒண்ணு விடறான். விட்ட கையாலயே கட்டிப் பிடிக்கறான். ரெண்டு பேரும் துடுப்புப் போடறாங்க, பின்னாடி ஊர்ல இருக்கற முந்நூறு படகும் விளக்கேத்திக்கிட்டு வருது... நினைச்சாலே உடம்பு சிலிர்க்குது."



"எந்த முந்நூறு படகு?" என்றாள் மகள்.

"அதாண்டி, கடைசியில."

"கடைசியில ஒரே ஒரு படகுதாம்மா. மகன் வந்து சேர்றதுக்குள்ள அப்பா செத்துடறாரு. ஆத்து நடுவுலயே. காலிப் படகு தானா மிதந்து வந்து, அவன் நிக்கற கரையில டொக்குனு இடிக்கும். அவ்வளவுதான். படம் முடிஞ்சுடும்."

ஏலக்காரரின் தட்டிலிருந்து வந்துகொண்டிருந்த சத்தம் நின்றது.

"ஹ! அது வீட்டுக்கு வர்ற பிரிண்ட்டு!" என்று மறுநொடியே முழங்கினார். "தியேட்டர்ல ஒரு க்ளைமாக்ஸு, வீட்டுக்கு ஒரு க்ளைமாக்ஸு. இப்பல்லாம் அப்படித்தான் பண்றாங்க. முந்நூறு படகை இத்துனூண்டு டிவிக்குள்ள எப்படி அடைக்கறது? அதான் வெட்டிட்டான்."

"அப்படியா மாமா?" என்றார் மாப்பிள்ளை, பாதி நம்பி. "அது தெரியாம நாங்க வீட்டுல பார்த்துத் தொலைச்சுட்டோமே."

"என்னப்பா கதை விடறீங்க? செத்துப் போனவரை எந்தப் பிரிண்ட்டுல..." என்று ஆரம்பித்த மகள் சட்டென்று நிறுத்தினாள்.

மூன்று பேர் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினால், கண் தெரியாதவளுக்குத்தான் அது முதலில் கேட்கும். ஏலக்காரர் ஏதோ ஜாடை காட்டியிருக்கிறார். கையை ஆட்டியிருக்கலாம், கண்ணைச் சிமிட்டியிருக்கலாம். தன் மூக்குக்கு முன்னாலேயே நடந்த அது அவளுக்குத் தெரியவில்லை.

"பாப்பா," என்றாள் மெதுவாக. "அந்த நாய்ப் படம் பார்த்தியா? ரயில்ல தொலைஞ்சு போன நாய்."

"...பார்த்தேன்மா."

"நாய் நாலு குட்டியோட வீட்டுக்குத் திரும்பி வருமில்ல?"

மகள் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் குடித்தாள்.

"மாப்பிள்ளை, நீங்க சொல்லுங்க."

"அத்தை, அந்த நாய் வந்து..." மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "அது ஆம்பளை நாய் அத்தை."

ஏலக்காரர்தான் முதலில் சிரித்தார். வெடித்துச் சிரித்தார். பிறகு மகள். பிறகு தையலம்மாவும். மேசை குலுங்க, தண்ணீர் டம்ளர் சரிய, ஆம்பளை நாய் நாலு குட்டி போட்டதற்காக அந்தக் குடும்பமே சிரித்துத் தீர்த்தது.

"சரி, ஒத்துக்கறேன்!" என்று கையெடுத்துக் கும்பிட்டார் ஏலக்காரர். "நாய் ரயில்ல அடிபட்டுடும். ஓட்டல் வச்ச பொம்பளை கடையை மூடிட்டு ஊரைவிட்டே போயிடுவா. அந்தப் பாட்டு வாத்தியாருக்குக் குரல் திரும்பி வரவே வராது. எல்லாத்தையும் மாத்தித்தான் சொன்னேன். என்ன பண்ணச் சொல்றே? அழறதுக்கா பஸ் ஏறிப் போறோம்? இப்பல்லாம் எவன் படமெடுத்தாலும் கடைசியில ஒருத்தனைச் சாகடிச்சுடறான். பெஞ்சுல ஒத்தையா உக்காந்து, என்ன ஆச்சோ என்ன ஆச்சோன்னு காத்துக்கிட்டிருக்கற உன்கிட்ட வந்து, செத்துட்டான்னு சொல்ல எனக்கு வாய் வரல. அவ்வளவுதான்!"

"அப்பா, நீங்க படமெடுக்கப் போயிருக்கணும்," என்றாள் மகள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

தையலம்மாவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் சிரிப்பு உள்ளே எங்கோ ஓரிடத்தில் தட்டி நின்றுவிட்டது. உதடு மட்டும் கொஞ்ச நேரம் தனியாகச் சிரித்தது.

"சாப்பிடுங்க. இதோ வர்றேன்," என்று எழுந்து, சுவரைத் தொட்டுக்கொண்டே மெஷின் இருக்கிற அறைக்குப் போனாள்.

*

மெஷின் முன்னால் முக்காலியில் உட்கார்ந்தாள்.

பெஞ்சில் ஒத்தையாக உட்கார்ந்து காத்திருப்பது. இதைத்தானே சொன்னார்?

இன்னொரு பெஞ்சு இருந்தது. அங்கே பாப்கார்ன் வாசனை இல்லை, மருந்து வாசனை. கண்ணில் சொட்டு விட்டு, எரிச்சலில் தண்ணீர் வழிய வழிய நர்ஸ் அவளை உட்கார வைத்தது. "கூட வந்தவங்க மட்டும் உள்ள வாங்க" என்று கூப்பிட்டது. அவர் எழுந்து போனது. கதவு சாத்திக்கொண்டது. உள்ளே பேசுவது கசமுசவென்று கேட்டதே தவிர, ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

அவர் வெளியே வந்தபோது குரல் கணீரென்று இருந்தது.

"ஒண்ணுமில்லம்மா! நரம்புல கொஞ்சம் வீக்கமாம். வீக்கம் வடியற வரைக்கும் சொட்டு மருந்து. அப்புறம் ஒரு சின்ன ஆபரேஷன், கொசு கடிக்கற மாதிரி. கொட்டற மழையிலயும் நீயே ஊசியில நூல் கோப்பே. அந்த டாக்டர் எழுந்து நின்னு என் கையைக் குலுக்கறாருன்னா பாத்துக்கோயேன்!"

வீட்டுக்கு வரும்வரை பஸ்ஸில் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார்.

தையலம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கை குலுக்கிய டாக்டரும் நாலு குட்டி போட்ட நாயும் விளக்கேற்றி வந்த முந்நூறு படகும் ஒரே வாயிலிருந்து வந்தவை. இத்தனை நாளும் ஒன்றை வீட்டுக் கதையாகவும் இன்னொன்றைப் படத்துக் கதையாகவும் அவள்தான் பிரித்து வைத்திருந்தாள். அவர் பிரிக்கவில்லை.



"என்னங்க," என்று கூப்பிட்டாள். "இங்க கொஞ்சம் வாங்க. நீங்க ஒரு படம் சொல்லணும்."

"அதுக்கென்ன, சொல்லிட்டாப் போச்சு!" செருப்புச் சத்தம் துள்ளிக்கொண்டு வந்தது. "எந்தப் படம்? இனிமே உள்ளதை உள்ளபடி சொல்றேன் தாயே. யார் செத்தாலும் சொல்லிடறேன்."

"கண்ணாஸ்பத்திரி."

செருப்புச் சத்தம் நின்றது.

"அது எந்தப்... அப்படி ஒரு படமா?"

"நீங்க மட்டும் உள்ள போய்ப் பார்த்த படம். நான் வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தேன். சொல்லுங்க."

ஹாலில் பேச்சு ஓய்ந்திருந்தது. மாப்பிள்ளை சோபாவில் சாய்ந்து குறட்டை விடத் தொடங்கியிருந்தார். டீ டம்ளர்கள் லேசாக உரசுகிற சத்தம் நடந்து வந்து அறை வாசலில் நின்றது. மகள். தையலம்மா அவளைப் போகச் சொல்லவில்லை.

"டாக்டர் ரூம் இருக்கே, அது ஒரு பெரிய..." என்று ஏலக்காரர் ஆரம்பித்தார். "ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. மேசை நம்ம ஹால் அளவுக்கு. அவர் போட்டிருந்த கண்ணாடியே..."

"ரூம் அப்புறம். கடைசி சீன் சொல்லுங்க."

"டாக்டர் எழுந்து நின்னு..."

"எழுந்து நின்னாரா?"

கடிகாரம் இருக்கிற வீடுதான். அதன் முள் நகர்வது அந்த அறையில் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டது.

"இல்ல," என்றார் ஏலக்காரர். "உக்காந்துதான் இருந்தாரு. ஏதோ எழுதிக்கிட்டே பேசினாரு."

"கை குலுக்கினாரா?"

"இல்ல."

"வீக்கமா?"

"வீக்கம் இல்லம்மா."

"பின்ன?"

"கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி, நரம்பு பட்டுப் போச்சாம். செடி பட்டுப் போறாப்பல. போனது போனதுதான்னாரு. சொட்டு மருந்து விட்டுக்கிட்டே இருந்தா மிச்சம் இருக்கறது கொஞ்ச காலம் இருக்கலாம். எவ்வளவு காலம்னு அவராலயே சொல்ல முடியலை."

"ஆபரேஷன்?"

"பார்வை திரும்பி வர்றதுக்கு ஆபரேஷனே இல்லையாம்."

தையலம்மாவின் கை மெஷின் சக்கரத்தின் மேல் இருந்தது. தானாக அது அரைச் சுற்றுச் சுற்றியது. ஊசி ஒருமுறை இறங்கி ஏறியது. துணி இல்லாத இடத்தில் இறங்குகிற ஊசிக்கு ஒரு சத்தம் உண்டு. காலையில் எண்ணெய் போட்டதனால் அது மிகவும் நன்றாக இருந்தது.

"டீச்சர் மெஷினைக் கேட்டு வந்தப்ப நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

"நின்னேன்."

"நான் என்ன திமிராப் பேசினேன். கண்ணு வந்ததும், கண்ணு வந்ததும்னு. தெரு பூராச் சொல்லி வச்சிருக்கேன். பாப்பா சட்டையைக்கூட யார்கிட்டயும் குடுக்காம வச்சிருக்கேன். எத்தனை பேர் எனக்குப் பின்னாடி சிரிச்சாங்களோ."

"யாரும் சிரிக்கல. யாருக்கும் தெரியாது. சத்தியமா. நான் ஒருத்தன்தான்." அவர் ஒரு எட்டு கிட்ட வந்தார். "அன்னைக்கே சொல்லிடலாம்னுதான் கதவைத் திறந்தேன். நீ தலையைத் தூக்கி, என் காலடிச் சத்தம் எந்தப் பக்கம் வருதுன்னு தேடினே. அவ்வளவுதான். வாயில வேற ஒண்ணு வந்துடுச்சு. அப்புறம் அதைத் திருப்ப முடியல."

அவர் அழுதார். சந்தை நடுங்கக் கூவிய ஆள் அழுதால் ஓடு பிரிந்து போகும் என்று அவள் நினைத்திருந்தாள். சத்தமே வரவில்லை. மூச்சு மட்டும் விட்டு விட்டு வந்தது.

அவளுக்குக் கோபம் வரவேண்டிய இடம் இது. கோபத்தைத் தேடிப் பார்த்தாள். அதற்கு முன்னால் வேறு ஏதோ வந்து நின்று வழியை அடைத்துக்கொண்டிருந்தது. இந்த இடது கண் வெளிச்சமும் போய்விடும். அதற்கும் ஒரு நாள் இருக்கிறது. அதையும் சுமந்துகொண்டுதான் இந்த மனிதர் தினமும் அவள் இமையைப் பிரித்துச் சொட்டு விட்டுக்கொண்டு, "கிட்ட வந்துட்டோம், கிட்ட வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அவ்வளவுதானா?" என்றாள்.

"என்னது?"

"டாக்டர் சொன்னது. வேற ஒண்ணும் இல்லையே?"

"அவ்வளவுதான்."

சட்டென்று வந்தது பதில். ரொம்பவும் சட்டென்று. பார்வை மங்கிய நாளிலிருந்து அந்தக் குரலை மட்டுமே பிடித்துக்கொண்டு தெரு கடந்தவள் அவள்.

"உள்ளதை உள்ளபடின்னு இப்பத்தான் சொன்னீங்க."

ஏலக்காரர் கால் மாற்றி நிற்பது தெரிந்தது.

"பாப்பா, நீ போய் அவருக்கு டீயைக் குடு," என்றார், வாசல் பக்கம் திரும்பி.

"அவர் தூங்கறாருப்பா. நீங்க சொல்லுங்க."

"அப்புறமா..."

"சொல்லுங்க," என்றாள் தையலம்மா.

"பிள்ளைங்க இருக்காங்களான்னு கேட்டாரு," என்றார் ஏலக்காரர். "ஒரே பொண்ணுன்னேன். இது ரத்தத்துல வரலாமாம். வந்தா ஆரம்பத்துல ஒண்ணும் தெரியாதாம், வலியும் இருக்காது. ஓரத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா அரிச்சுக்கிட்டு வருமாம். ஒரு தடவை கூட்டிட்டு வந்து காட்டுங்க, சீக்கிரம் பிடிச்சா அங்கேயே நிறுத்திடலாம்னாரு."

டீ டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

"எப்பச் சொன்னாரு?" என்றாள் மகள்.

"அன்னைக்கேதான்."

"அன்னைக்கேன்னா? போன மழைக்காலம் அது! இப்ப வெயிலே முடியப் போகுது!"

"உன்கிட்டச் சொன்னா, ஏன் எதுக்குன்னு கேப்பே. ஒண்ணைச் சொன்னா இன்னொண்ணும் வெளிய வந்துடும். அம்மாவுக்குத் தெரிஞ்சுடும். இன்னைக்குச் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம்னு..."

"நான் தினமும் அடுத்தவங்க வீட்டுப் பிள்ளைங்களை ரோட்டுல கூட்டிக்கிட்டுப் போறேன்பா." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "பக்கத்துல உக்காந்து, லெஃப்ட்ல பாரு, ரைட்டுல பாருன்னு சொல்றது நான். எனக்கு ஓரம் தெரியுதா இல்லையான்னே எனக்குத் தெரியாதா இப்போ?"

"உனக்கு ஒண்ணும் இருக்காதுடா!" ஏலக்காரரின் குரல் சட்டென்று பழைய உயரத்துக்கு எழும்பியது. "உன் கண்ணு என்ன சாதாரணக் கண்ணா? கழுகுக் கண்ணு! மூணு தெரு தள்ளி வர்ற வண்டியோட நம்பரை நீ..."

"நிறுத்துங்க," என்றாள் தையலம்மா.

நிறுத்தினார்.

"நாளைக்குக் காலையில போறோம். அவளுக்குப் பார்த்துட்டு டாக்டர் கூப்பிடும்போது நானும் உள்ள வருவேன். என்ன சொல்றாரோ அதை என் காதால கேக்கணும். பாப்பா, கேட்டியா? லீவு சொல்லிடு."

மகள் டம்ளர்களை எங்கோ வைத்தாள். காலடி ஹாலுக்குப் போனது.

"எழுந்திருங்க," என்று மாப்பிள்ளையை எழுப்புவது கேட்டது. "கிளம்பலாம். இந்தாங்க சாவி. நீங்க ஓட்டுங்க."

"நானா?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் வண்டியில் இருக்கும்போது அவர் ஓட்டியதில்லை. கிளட்சை எப்படி மிதிக்கிறார் என்று பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"நீங்கதான். எனக்கு... நீங்க ஓட்டுங்க."

சாவி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியது. மாப்பிள்ளை எதையும் சுமார் என்று சொல்லவில்லை.

தையலம்மா எழுந்து கதவுவரை வந்தாள். ஹாலின் அந்தப் பக்கத்தில், வாசல் வெளிச்சத்துக்கு முன்னால், மகளின் உருவம் ஒரு கறையாகத் தெரிந்தது. தோள் தெரிந்தது. முகத்தைத் தேடினாள். சாவித்துவாரத்துக்குள் அது வரவில்லை. தலையை இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள்.

"என்னங்க."

"சொல்லும்மா," என்றார் ஏலக்காரர், பக்கத்தில் வந்து.

"அவ மூஞ்சி எப்படி இருக்கு? உள்ளது உள்ளபடி."

ஏலக்காரர் மகளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஏதாவது சொல்ல வாயைத் திறந்து, மூடி, மறுபடி பார்த்தார்.

"பயந்திருக்கா," என்றார்.